அக்னி மூலையில் ஏசியாஸ்டார்

வாஸ்து பார்த்து ஃபிளாட் வாங்கியவன் நான். சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா என்று பார்த்தேன். தலைவாசல் எந்தப் பக்கம், படுக்கையறையில் தலைமாடு எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்த்தேன். விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். பூமத்திய ரேகைக்கு மேலே, 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நின்ற செயற்கைக்கோள் எந்த ஜன்னலுக்குத் தெரியும் என்று தரகரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் ஏசியாஸ்டார். 2000 மார்ச்சில், தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து, நம் இன்சாட்-3பி ஏறிப்போன அதே ஏரியான் ராக்கெட்டில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனது. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் ரேடியோ அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராக இருந்த நாட்களில், 2006-இல், நானும் ஒரு வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோ வாங்கினேன். ரஹ்மானுக்காக வாங்கவில்லை, மாமனாருக்காக வாங்கினேன். மாயவரத்திலிருந்து எங்களோடு மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்தவர், சென்னையில் காதுக்கு வேலையே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். வேர்ல்ட்ஸ்பேஸில் ‘ஸ்ருதி’ என்று கர்நாடக சங்கீதத்துக்கே ஒரு சேனல் இருந்தது. நாள் முழுக்கக் கச்சேரி. காம்போதி ஆலாபனைக்கு நடுவில் பற்பசைக்காரன் நுழைய மாட்டான்.

ரேடியோவோடு ஒரு ஆன்டெனா வந்தது. டிஷ் மாதிரி குடையெல்லாம் இல்லை. மேஜைக் காலண்டர் அளவில் ஒரு பிளாஸ்டிக் சதுரம், பின்னால் மடக்குகிற கால், ஒல்லியாகக் கொஞ்சம் வயர். அதை ஏசியாஸ்டார் பார்வையில் படும்படி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 26 டிகிரி தெற்கே ஒதுங்கி, தரையிலிருந்து 58 டிகிரி உயரத்தில் நின்றது. பையனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியையும், எங்கேயோ பரிசாக வந்த திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். ஹாலில் சுவர் தெரிந்தது. படுக்கையறையில் எதிர் ஃபிளாட்டின் குளியலறை தெரிந்தது. அங்கே கோணமானியோடு நிற்பது உசிதமில்லை என்று உடனே வந்துவிட்டேன். வானம் தெரிந்தது ஒரே ஒரு ஜன்னலில். அக்னி மூலையில், சமையல் மேடைக்கு மேலே.

வைத்தவுடன் பாடியது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அஞ்சறைப் பெட்டிக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் நடுவில் ஆன்டெனா, மிக்ஸிக்குப் பக்கத்தில் ரேடியோ. மாமனார் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் ஓடியது. என் மனைவி தாளிக்கக் குனியும்போதெல்லாம் ஏசியாஸ்டாருக்கும் ஆன்டெனாவுக்கும் குறுக்கே வந்தாள். பாகவதர் வாய்திறந்தபடியே நின்றார். “கொஞ்சம் தள்ளிண்டு தாளியேன்” என்றார் மாமனார். அதையும் பொறுத்துக்கொண்டாள். ராகம் கேட்க வந்தவர் ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள், “உங்கம்மா இன்னும் ஒரு கொதி விட்டு இறக்குவா” என்றார். அன்று இரவு எனக்கு உத்தரவு வந்தது: “ஒண்ணு அந்த ரேடியோ வெளியில போகணும், இல்லேன்னா எங்கப்பா வெளியில போகணும்.” எதை நகர்த்துவது சுலபம் என்று யோசித்துப் பார்த்தேன். ரேடியோதான்.

ஹால் இருப்பது வாயு மூலையில். சமையலறை ஜன்னலிலிருந்து மாமனாரின் ஈஸிசேருக்கு, கதவு நிலைகளைச் சுற்றி, ஷோகேஸுக்குப் பின்னால் போனால் நாற்பது அடி. வயரை நீட்டிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். நீட்டினால் இன்னும் நன்றாகவே கேட்கும் என்றுகூட நினைத்தேன்.

இந்த ஞானம் பரம்பரையாக வந்தது. கும்பகோணத்தில் என் அப்பா மொட்டைமாடியில் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவே ஏரியல் கட்டியிருந்தார். இலங்கை வானொலி கரகரத்தால் இன்னும் பத்தடி கம்பியைச் சேர்ப்பார், தெளிந்துவிடும். மீடியம் வேவுக்கு அது சரி. அங்கே கம்பியேதான் ஏரியல். நீளம் கூடினால் காது பெரிதாகிறது. இங்கே காது என்பது அந்தப் பிளாஸ்டிக் சதுரம் மட்டும். வயர் வெறும் குழாய், அதுவும் ஓட்டைக் குழாய். மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஓஸ் போட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கிளம்பும்போது ஆறு, குடத்தில் விழும்போது மூத்திரம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. இத்தனைக்கும் நான் பி.எஸ்சி. இயற்பியல்.

வயர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “எதுக்கு சார்?” மானமுள்ள ஆண்பிள்ளை இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல மாட்டான். “சும்மா, டிவிக்கு” என்றேன். அப்படியானால் இது போதும் என்று ஒல்லி வயரைக் காட்டினார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆர்ஜி-6 என்கிற தடித்த டிஷ் வயரைக் கொடுத்திருப்பார். ஏசியாஸ்டார் பேசியது 1467-லிருந்து 1492 மெகாஹெர்ட்ஸுக்குள். பண்பலை நூறு மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே முடிந்துவிடுகிற சமாசாரம். இது அதைப்போலப் பதினான்கு பதினைந்து மடங்கு. அலைவரிசை ஏற ஏற வயர் அதிகம் தின்னும். தடித்த வயரிலேயே இந்த உயரத்தில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 25 டெசிபெல் போய்விடும். மூன்று டெசிபெல் போனால் பாதி போச்சு என்று கணக்கு. அதாவது இருபது மீட்டர் போட்டால் மறுமுனையில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. ஒல்லி வயருக்குப் பசி இன்னும் ஜாஸ்தி. நான் நாற்பதடி தேவைக்கு இருபத்தைந்து மீட்டர் வாங்கினேன். பின்னால் உதவும்.

கனெக்டர் வேண்டுமா என்று கேட்டார். ஒன்று பத்து ரூபாய். வயரை முறுக்கத் தெரியாதவன் வாங்கட்டும் என்று வந்துவிட்டேன்.

இந்த வயரை உரிப்பது பலாப்பழம் உரிப்பது மாதிரி. மேலே கறுப்புத் தோல். அதற்குள் முடிபோல மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. வலைக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி பிளாஸ்டிக். அதற்குள்தான் ஒற்றைச் செம்புக் கம்பி. பிளேடால் தோலை எடுத்தேன், பல்லால் பிளாஸ்டிக்கை எடுத்தேன். நடுக்கம்பியோடு நடுக்கம்பி, வலையோடு வலை. முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு ஆரம்பித்து எலுமிச்சங்காய் அளவுக்குச் சுற்றினேன். தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

ரேடியோவில் ஒரு சிக்னல் கோடுகூட ஏறவில்லை. ஆன்டெனாவுக்குள்ளே ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாப்பாடு, அதாவது மின்சாரம், இதே வயர் வழியாக ரேடியோவிலிருந்து எதிர்ப்பக்கம் போகிறது. பாட்டு வருகிற வழியிலேயே பருப்பு போகிறது. வலையிலிருந்து பிரிந்த ஒரே ஒரு முடி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எலுமிச்சங்காயைப் பிரித்து அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

மறுபடி முறுக்கினேன். பாடியது என்று சொல்ல முடியாது. பாடவில்லை என்றும் சொல்ல முடியாது. பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் கரகரக்கும், கரகரப்புக்கு நடுவில் பாட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம். டிஜிட்டலில் அந்த நாகரிகம் கிடையாது. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் மௌனம். அன்று தனி ஆவர்த்தனம். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் ஆதி தாளம் போட்டார். சுண்டுவிரல், மோதிர விரல் என்று எண்ணும்போது மிருதங்கம் நின்றது. அவர் நிறுத்தவில்லை. சத்தம் திரும்பி வந்தபோது அவர் வீச்சில் இருந்தார், மிருதங்கம் வேறெங்கோ இருந்தது. மூன்றாவது தடவை நின்றபோது கண்ணைத் திறந்தார்.

“இவனுக்குக் கணக்கு சுத்தமா இல்லை” என்றார்.

வித்வான் மேல் பழி போனதில் எனக்குள் சின்ன நிம்மதி. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் வித்வானின் பெயரைச் சொன்னார்கள். மாமனார் திடுக்கிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஷோகேஸுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த எலுமிச்சங்காயைப் பார்த்தார்.

அடுத்து மொட்டைமாடி. ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து, செங்கல்லை அண்டக்கொடுத்து, வயரைப் படிக்கட்டு வழியாக இரண்டு மாடி இறக்கினேன். வயர் போதவில்லை, இன்னொரு எலுமிச்சங்காய். மாடி வீட்டு மாமி அதற்கு நேர் மேலே வடாம் புடவையை விரித்தார். ஈரத்தை இந்த அலைகளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வடாம் காய்ந்த பிறகு பக்கத்து வீட்டுத் தென்னை முறைபோட்டுக்கொண்டது. காற்றடித்தால் மட்டை விலகும், பல்லவி வரும். காற்று நின்றால் பல்லவி போகும்.

கடைசியில் கேபிள் டிவி பையன் சந்தா வாங்க வந்தவன், படிக்கட்டில் கால் தடுக்கி, வயரைப் பார்த்துவிட்டான். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூடவே நடந்தான். ரேடியோவுக்குப் பின்னால், பின்னால் உதவும் என்று நான் சுற்றிவைத்திருந்த ஐந்து மீட்டர் சுருளைக் கையில் எடுத்தான்.

“இது எதுக்கு சார்?”

“இருக்கட்டுமேன்னுதான்.”

“இவ்ளோ தூரம் வர்ற பாட்டை இதுக்குள்ள சும்மா சுத்த விட்டிருக்கீங்களே.”

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரை அது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குக்குள் கடந்து வந்துவிடுகிறது. என் வீட்டுக்குள் வந்துதான் மூச்சு வாங்குகிறது. பையன் மறுநாள் டிஷ் வயரும் இரண்டு கனெக்டரும் கொண்டுவந்தான். படிக்கட்டை விட்டுவிட்டு, வெளிச்சுவரோடு ஒரே இறக்கமாக ஹால் ஜன்னலுக்கு இறக்கினான். பன்னிரண்டு மீட்டர், நடுவில் முடிச்சே இல்லை. ஆன்டெனாவைத் தென்னைக்கு எட்டாத மூலையில் கம்பி போட்டுக் கட்டினான். இருபது நிமிஷம். கூலி வாங்கும்போது, “யாரு சார் முறுக்கினது?” என்று கேட்டான். “முன்னாடி இருந்தவங்க” என்றேன்.

அதன்பின் மூன்று வருஷம் ஸ்ருதி குறையில்லாமல் பாடியது. மனைவி மத்தியானத்தில் அதிலேயே கேஎல் ரேடியோ என்ற சேனலில் பழைய சினிமாப் பாட்டு கேட்பாள். ஆனால் எப்போதாவது ஒரு நொடி சத்தம் நின்றால், மின்சாரமே போனாலும்கூட, இருவர் பார்வையும் என் பக்கம்தான் திரும்பும்.

2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவையை நிறுத்தியது. மார்கழி பாதி. சபாக்களில் சீசன் நடந்துகொண்டிருந்தது. ஜனவரி முதல் தேதி விடிகாலை, நான் இன்னும் போர்வைக்குள் இருக்கும்போது ஹாலிலிருந்து குரல் வந்தது:

“மாப்பிள்ளை, அந்த வயரை மறுபடியும் ஏதாவது பண்ணினேளா?”

எழுந்து போய் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரில் வந்திருந்ததை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கும் ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்கோ.”

போனேன். பனி இறங்கியிருந்தது. ஆன்டெனா மேல் காக்கை எச்சம் இருந்தது. துண்டால் துடைத்துவிட்டு, அரைக்கால் டிகிரி தெற்கே திருப்பி வைத்தேன்.