முதல் பந்தி உழைப்பாளி

எந்தக் கல்யாண மண்டபத்திலும் அவர் ஒருவர் இருப்பார். தோளில் துண்டு, கையில் சாவிக்கொத்து, காதில் கைபேசி. "மூணு நாளா கண்ணு மூடல மச்சான். மாங்கு மாங்குன்னு அலைஞ்சு, மாடா உழைச்சு, ஓடாத் தேஞ்சுட்டேன்" என்பார். அந்தத் தேய்மானத்தை யாரும் பார்த்ததில்லை. வேட்டி மடிப்புகூடக் கலைந்திருக்காது.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? மொழியே அவர் கட்சி. ‘பாடு’ என்றால் துன்பம்; பாடுபட்டால் உழைப்பு. பாட்டாளி பிறந்தது அந்தச் சொல்லில்தான். தேவாலயங்களில் இயேசு பட்ட சிலுவைத் துன்பத்துக்கும் ‘பாடுகள்’ என்றே பெயர். கஷ்டமும் அதே ரகம்: ‘கஷ்டப்பட்டுப் படித்தான்’ என்றால் உழைத்தான், ‘கஷ்டப்படுகிறான்’ என்றால் கையில் காசில்லை. ஆகவே முகத்தில் வேதனை தெரிந்தாலே பாதி வேலை முடிந்த கணக்கு.

திருக்குறளின் 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் ‘உஞற்றுதல்’ என்றொரு சொல் வருகிறது. விடாமல் முயல்வது என்று பொருள். அதில் புலம்ப இடமில்லை. வழக்கொழிந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

இப்படிப்பட்டவர்களுக்கென்று ஊரும் சொல் வைத்திருக்கிறது: ‘பெருசா வெட்டி முறிச்சுட்டாரு’, ‘கிழிச்சாரு’. 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு காண்ட்ராக்டர் நேசமணியான பிறகு ‘ஆணி பிடுங்குவது’ம் சேர்ந்துகொண்டது. ஐ.டி. அலுவலகப் பிள்ளைகள் அதைத் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள். வேலை குவிந்தால் ‘இன்னிக்கு ஆணி ஜாஸ்தி’. தன்னையே கேலி செய்யும் அந்தப் புத்தி நம் மண்டபத்துக்காரருக்குச் சொட்டும் கிடையாது.

சமையற்கட்டுக்குப் பின்னால், குழாயடியில், ஒரு அம்மாள் அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, தேங்காய் நாரால் அடிப்பிடித்த பாயசத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இடுப்புயரத்துக்குப் பாத்திரக் குவியல்.

"என்னக்கா, வேலை ரொம்பவா?"

"அதெல்லாம் இல்ல தம்பி, நாலு ஏனம் கெடக்கு."

மாடும் இல்லை, ஓடும் இல்லை. அதற்குள் நம்மவர் கதவோரம் எட்டிப் பார்த்து, "ம்… ஆகட்டும், ஆகட்டும்" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டே பந்திப் பக்கம் நகர்ந்தார். நெற்றியில் வியர்வை இருந்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போனால் தேடிப் பாருங்கள். முதல் பந்தி, மின்விசிறிக்கு நேர் கீழ் இலை.