தகுதியிழப்பு இலக்கணம்: ஒஹாயோ இயல்

தகுதி என்பது ஆடுவோன்கண் இலை;
தவணை நோக்கித் தருவர் மேலோர்.

என்பது சூத்திரம். இது என்னுதலிற்றோ எனின், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு வீரன் ஆடும் தகுதியை எப்போது இழக்கிறான் என்று உணர்த்துதல் நுதலிற்று. தப்பு செய்தபோது என்பர் பாமரர். அது பொருந்தாது. மேலோர் என்றது என்சிஏஏ என்னும் ஆளும் சங்கத்தையும், அந்தந்தப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையையும்.

இதற்கு இலக்கியம் கொலம்பஸ் நகரத்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே மிச்சிகன் அணியை வென்ற வீரருக்குக் கால்சட்டை வடிவில் ஒரு குட்டித் தங்கப் பதக்கம் தருவது பழைய வழக்கம். அணியின் நட்சத்திர வீரர் டெரெல் பிரையர் அதை விற்றார். வாகையர் மோதிரத்தை விற்றார். நன்னடத்தைக்காகக் கொடுத்த விருதையும் விற்றார். இப்படி விற்பது அன்றைய விதிப்படி குற்றம். வேறு நால்வரும் இவ்வகையில் சிக்கினர். பச்சை குத்தும் கடையில் சலுகை பெற்றதும் குற்றப் பட்டியலில் உண்டு. 2010 டிசம்பர் 23 அன்று தீர்ப்பு வந்தது: ஐவருக்கும் அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் தடை. ஆனால் பன்னிரண்டே நாளில் வரும் ஷுகர் பௌல் என்னும் பருவ இறுதி ஆட்டத்தில் ஆடலாம். ஏனெனில் அவர்களுக்கு விதிகளைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

தடை: விதி தெரியாதவன் என்றால் ஐந்து ஆட்டம் ஏன்? தெரிந்தவன் என்றால் ஷுகர் பௌல் ஏன்?

விடை: சூத்திரத்தில் 'தவணை' என்ற சொல்லை மறுபடி படிக்க.

ஆடினார்கள், ஆர்கன்ஸாவை 31-26 என்று வென்றார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து வெற்றியை உறுதி செய்த சாலமன் தாமஸ், தடை பெற்ற ஐவரில் ஒருவர். பயிற்சியாளர் ஜிம் டிரெஸ்ஸலுக்கு இந்த விற்பனை விவகாரம் 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் வந்துவிட்டதும், அவர் வாய் திறக்காததும் பிறகு வெளிப்பட்டன. 2011 மே மாதம் பதவி விலகினார். 2010 பருவத்து வெற்றிகள் அத்தனையையும் பல்கலைக்கழகம் ஏட்டிலிருந்து நீக்கியது.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல். நீக்கியது வெற்றியை மட்டுமே. ஆர்கன்ஸாவின் தோல்வி அப்படியே நிற்கிறது. ஆக, யாரும் வெல்லாத ஆட்டத்தில் ஒருவர் தோற்றிருக்கிறார். தார்க்கிகர் அபாவம் என்னும் இன்மை நான்கு வகை என்றனர். நடந்து முடிந்து, டிவியில் ஓடி, டிக்கெட் காசும் வசூலான பிறகு நடவாததாகிவிடும் ஐந்தாம் வகை அவர்களுக்குத் தட்டுப்படவில்லை, பாவம்.

ரசிகனின் வயிற்றெரிச்சல் இதற்கல்ல. (அவன் காதல் கைக்கிளை, துறைக்கு அவன் முகமே தெரியாது.) அடுத்து நடந்ததற்குத்தான். 2011-இல் அணி தேய்ந்து ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று நின்றது. 'இந்த வருஷம் பௌல் வேண்டாம்' என்று துறை தானே விரதம் இருந்திருந்தால் தண்டனைக் கணக்கில் கழிந்திருக்கும் என்பது ரசிகனின் வாதம். துறையோ கேட்டர் பௌலுக்குச் சரி என்றது. டிசம்பர் 20 அன்று என்சிஏஏ அடுத்த ஆண்டுக்குப் பௌல் தடை போட்டது. கேட்டர் பௌலில் ஃப்ளோரிடாவிடம் 24-17 என்று தோல்வி. 2012-இல் அர்பன் மேயர் பயிற்சியாளராக வந்தார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் வெற்றி. நோஞ்சான் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்தான், பயில்வான் பட்டினி. சாம்பியன் பட்டத்துக்கு அலபாமாவும் நோட்டர் டேமும் மோதின. 42-14 என்ற அந்த ஒருதலை ஆட்டத்தை ஒஹாயோக்காரர்கள் எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்பதற்கு மெய்ப்பாட்டியலில் இடமில்லை.

பழவினை விடாது என்பதற்கும் சான்று உண்டு. பிரையர் கல்லூரியை விட்டுத் தொழில்முறை லீக்குக்குப் போனார். அங்கேயும் முதல் ஐந்து ஆட்டம் தடை. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் கையெழுத்தையும் வைத்துக் காசு பார்க்க வழி திறந்துவிட்டது. அவர் பத்து வருஷம் முந்திப் பிறந்துவிட்டார்.

புறனடை: ஓக்லஹோமா வீரர் மூவர் பட்டமளிப்பு விருந்தொன்றில் விதித்த அளவை மீறிப் பாஸ்தா தின்றனர். அங்குள்ள விளையாட்டுத் துறை, யாரும் கேட்குமுன் ஓடிப்போய் ஒப்புக்கொண்டது. ஆளுக்கு 3.83 டாலர் தர்மத்துக்கு எழுதி மூவரும் தகுதியை மீட்டனர். இதையெல்லாம் சொல்லியிருக்கவே வேண்டாமே என்று 2014-இல் என்சிஏஏ கையை விரித்தது. டிரெஸ்ஸலின் மின்னஞ்சலும் இந்தப் பாஸ்தாவும் ஒரே விதிப் புத்தகத்தில் அடங்குவதால் ஈண்டுச் சேர்த்து உரைக்கப்பட்டது.