அதற்கு முந்தைய மாடல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் புறப்படுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஸ்டுட்கார்ட், லண்டன், கலிஃபோர்னியா என்று ஊர்தான் மாறும்; ஆள் மாறமாட்டார். போர்ஷே 911 ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. பணம் சேர்ந்துவிட்டது, வீட்டிலும் தலையாட்டிவிட்டார்கள். பாக்கியிருப்பது ‘எந்தத் தலைமுறை?’ என்ற கேள்வி ஒன்றுதான். அந்தக் கேள்விக்குள்ளேயே அவர் குடித்தனம் நடத்துகிறார். 964, 993, 996, 997 என்று அவர் அடுக்கும்போது ரயில்வே அட்டவணையை ஒப்பிக்கிறாரோ என்று தோன்றும். 997-க்குப் பிறகு வந்தது 991. எண் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், அவர் தடுமாறமாட்டார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்தில் ஏழு பொருந்தினாலே தட்டை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இவருக்குப் பத்தும் பொருந்திய பிறகு பதினொன்றாவதாக ஒரு பொருத்தம் நினைவுக்கு வரும்.

இத்தனை தேடியும் அவருக்குச் சரியான தலைமுறை அகப்படாததற்குக் காரணம், அது காரில் இல்லாமல் காலண்டரில் இருப்பதுதான். 911-இன் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1989-இல் 964 வந்தது. பவர் ஸ்டீயரிங்கும் ஏபிஎஸ்ஸும் இருப்பதைப் பார்த்து, ‘சொகுசு வண்டியாக்கிவிட்டார்களே’ என்று உதட்டைப் பிதுக்கினார். 1997-இல் வந்த 996-இல், அதுவரை காற்றில் குளிர்ந்துகொண்டிருந்த இஞ்சின் தண்ணீரில் குளிரத் தொடங்கியது. புகைக்கும் சத்தத்துக்குமான சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலத்தில் அது பொறியியல் காட்டிய வழி. இவரோ துக்கம் அனுஷ்டித்தார். விடைபெற்ற 993 ‘கடைசி அசல் 911’ ஆனது. அதற்கு முந்தைய 964-இன் சொகுசுக் குற்றமும் அதோடு மன்னிக்கப்பட்டது. விலை குறைந்த பாக்ஸ்டரோடு பங்குபோட்டுக்கொண்ட 996-இன் முகப்பு விளக்கில், இண்டிகேட்டரின் ஆரஞ்சு நிறம் கீழே வழிந்து நிற்கும். ஜெர்மானியர்கள் அதைப் பொரித்த முட்டை என்றார்கள். நம் கணக்கில் ஆஃப்பாயில். 2004-இல் 997 வட்ட விளக்கோடு வந்தபோது, ‘விளக்கு சரி, ஆனால்...’ என்று இழுத்தார். 2011-இல் 991-இன் ஸ்டீயரிங்குக்குள் மின்மோட்டார் புகுந்தது. ‘ரோடு கைக்குத் தெரியவில்லை’ என்றார். இழுத்துக்கொண்டிருந்த ‘ஆனால்’ அன்றோடு உதிர்ந்து, 997 சாமியாகிவிட்டது. 2015-இல் சாதாரண கரேராவுக்கும் டர்போ வந்தது. டர்போ இல்லாத 991-க்கும் சன்னதி கிடைத்தது. 2024-இல் ஹைபிரிட்டும் வந்தாயிற்று. இனி டர்போ மட்டும் உள்ளவற்றுக்கு எப்போது கும்பாபிஷேகம் என்று நாள் குறிப்பதுதான் பாக்கி.

அவரைக் குணம் மாறுகிறவர் என்று சொல்வது அநியாயம். மாறுவது விலைதான், அவர் அதன் பின்னால் போகிறார். 996 வெகுகாலம் மலிவான 911-களில் ஒன்றாகக் கிடந்தது. அப்போது அவர் ஆஃப்பாயில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வண்டிகளின் விலை ஏறத் தொடங்கியதும், அதன் எடை 1,320 கிலோதான், 993-ஐவிட 50 கிலோ குறைவு, 300 குதிரைத்திறன் வேறு என்று கண்டுபிடித்தார். இந்த எண்களெல்லாம் முதல் நாளே விளம்பரத் தாளில் அச்சாகியிருந்தவை. கைக்கு எட்டும்போது புளிப்பு, எட்டாதபோது இனிப்பு: நரி கதையையே தலைகீழாக்கிய பெருமை அவருடையது.

‘அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசமே இல்லையா?’ என்று கேட்கலாம். உண்டு, விளக்கைவிடப் பெரிய வித்தியாசமே உண்டு. 996-இலும் 997-இன் முற்பகுதியிலும், இஞ்சினுக்குள் ஓடும் இடைத்தண்டின் பேரிங் சில வண்டிகளில் உடைந்து இஞ்சினையே விழுங்கியிருக்கிறது. இந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் இதே விஷயத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அவர் கட்சிதான் பலவீனமாகிறது. அதே 996-இன் டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரில் வழங்கும் வேறு இஞ்சின். அதற்கு இந்த வியாதி இல்லை. 997-லேயே 2009-ஆம் ஆண்டு மாடலில் வந்த புதிய இஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. 996-இல் கிளட்ச் மாற்றும்போது, கியர்பாக்ஸ் இறங்கியிருக்கிற கையோடு, பேரிங்கையும் மாற்றிவிடலாம். ஆக, ஒரே தலைமுறைக்குள் நோயாளியும் இருக்கிறான், நோயே அண்டாதவனும் இருக்கிறான், வைத்தியம் முடிந்து எழுந்து உட்கார்ந்தவனும் இருக்கிறான். குலம் கோத்திரம் விசாரித்து இவர்களைப் பிரிக்க முடியாது. ஆயில் எப்போது மாற்றினார்கள், கிளட்ச் எப்போது இறங்கியது, அடிபட்ட வண்டியா என்று சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். அவர் படிக்காத ஒரே புத்தகம் அதுதான், ஏனென்றால் அது ஒரு குறிப்பிட்ட வண்டியைப் பற்றியது. குறிப்பிட்ட வண்டி என்று வந்துவிட்டால் முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

‘பாவம், ஆராய்ச்சியில் ஒரு சந்தோஷம், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று பரிந்து பேசுகிறவர்களும் உண்டு. பேச்சில் நியாயம் இருக்கிறது. அவர் ஊருக்கு உபகாரி. அவரிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போய், மறுவாரமே வண்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நஷ்டம் அவருக்கு மட்டும்தான், அதுவும் பணத்தில் இல்லை. அவர் எந்த விளக்கைக் காரணம் காட்டி 996-ஐ ஒதுக்கினாரோ, அதே விளக்குள்ள வண்டியை ஒருவர் வாங்கி, பேரிங்கை மாற்றி, வருஷக்கணக்காக மலைப்பாதைகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்தால் முகப்பு விளக்கு கண்ணில் படாது. அது ஓரமாக நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.