ஓட்டத்திணை ஆராய்ச்சி

சுவருக்கு வெளியே ஓடுவது புறம். சுவருக்குள் ஓடுவது அகம். இலக்கணம் இவ்வளவே. ஆயினும் ஜிம் கட்டணத்துக்கும் கடற்கரைக் காற்றுக்கும் நடுவே தடுமாறும் சென்னை மாணாக்கர் பொருட்டுச் சற்று விரித்துரைப்பாம்.

புறத்துக்கு நிலம் எலியட்ஸ் பீச். பெரும்பொழுது முன்பனி, சிறுபொழுது வைகறை. கருப்பொருள் இளநீர் வண்டி, அருகம்புல் சாறு, நால்வராய் வழியடைத்து வரும் வாக்கிங்காரர், தெருநாய். நாய் ஓட்டத்துக்குக் காரணமன்றோ, அதைக் கருப்பொருள் எனலாமோ எனின், துரத்தும்போது காரணம், வாலாட்டும்போது கருப்பொருள் எனக் கொள்க.

அகத்துக்கு நிலம் முதல் மாடி. பொழுது கிடையாது, டியூப்லைட்டுக்கு வைகறையும் யாமமும் ஒன்றே. கருப்பொருள் ஏசி, நிலைக்கண்ணாடி, முந்தையவர் வியர்வை.

அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்ற பழைய மரபு ஜிம்மில் வழுவாமல் நிற்கிறது. பக்கத்து மெஷினில் ஆண்டு முழுதும் ஓடுபவர் நமக்கு நீலப் பனியன்காரர், அவ்வளவுதான். புறத்தார் அப்படியல்லர். மாரத்தான் என்றால் நெஞ்சில் எண்ணோடு பெயரையும் குத்திக்கொள்வர். பதக்கத்தைக் கடித்தபடி படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பர். இது பாடாண் திணை. பாடுவார் கிடைக்காமையால் தாமே பாடிக்கொள்கின்றனர்.

டிரெட்மில்லின் குலவரலாறு கொஞ்சம் சங்கடமானது. 1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர், கைதிகள் சும்மா இருக்கப் பொறாமல் மிதிசக்கரம் ஒன்றைச் சமைத்தார். மணிக்கணக்கில் படியேற வேண்டும். போய்ச்சேர மேலே எதுவும் இராது. சில சிறைகளில் அதனால் மாவேனும் அரைபட்டது. 1895-இல் சிறை சென்ற ஆஸ்கார் வைல்டும் அதை மிதித்தவர். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பின் அந்தத் தண்டனை மெல்ல ஒழிந்தது. இன்று மாவும் அரைபடுவதில்லை. பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள்.

அறிவியலார் கருத்தும் உண்டு. உள்ளே எதிர்க்காற்று இல்லாமையால், மெஷினை 1 சதவீதம் சாய்த்தால் வெளியோட்ட உழைப்புக்கு ஈடாகும் என 1996-இல் ஜோன்ஸும் டவுஸ்ட்டும் அளந்து சொன்னார்கள். அவர்கள் ஓடவிட்டது தேர்ந்த ஓட்டக்காரரை. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுவது. தொந்தி குலுங்க நாம் ஓடும் ஓட்டத்தைக் காற்று பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை. சாய்வுப் பொத்தானை விட்டுவிடலாம்.

எம் துணிபு யாதெனில், வேறுபாடு திரும்பி வருவதில் இருக்கிறது. மெஷினில் மூச்சு முட்டினால் சிவப்புப் பொத்தான், அடுத்த நொடி தண்ணீர் பாட்டில். பெசன்ட் நகரிலிருந்து திருவான்மியூர் வரை ஓடியவனுக்கு எந்தப் பொத்தானும் கிடையாது. போன தூரம் ஆர்வத்தால் ஆனது. வரும் தூரம் வேறு வழியில்லாமையால். ஆக அவன் பயிற்சியில் சரிபாதிக்கு மனவுறுதியே வேண்டியதில்லை. ஆட்டோ உண்டே, ஜிபே உண்டே எனின், சென்னை வியர்வையில் ஊறிய விரலைத் தொடுதிரை மதியாது என்க.

அகத்தின் ஓரத்தில் நிற்பன இரண்டு. காரில் போய் இறங்கி, லிஃப்டில் மாடி ஏறி, டிரெட்மில் காலியில்லை என்று மாஸ்டரிடம் சினப்பது பெருந்திணை, பொருந்தாமையின். ஜனவரியில் ஆண்டுச் சந்தா கட்டியவர் பொங்கலோடு மறைந்துவிட, “ஏன் சார் வர்றதில்ல?” என்று ஜிம்மிலிருந்து வாட்ஸ்அப் வந்தவண்ணம் இருப்பது கைக்கிளை.