குனிஞ்ச தலை நிமிராத பிள்ளைங்க

வா தம்பி, வா. தலையைக் குனிஞ்சுக்கினே வர்றியே, பெரியவன் உக்காந்திருக்கான்னு மரியாதை காட்றியோன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு குளுந்து போச்சு. அப்பாலதான் பார்த்தேன், கையில போன் இருக்கு. சரி, போவட்டும். எங்க காலத்துல பொண்ணு பார்க்கப் போனா, "குனிஞ்ச தலை நிமிராத பொண்ணுங்க"ன்னு தரகர் சொல்லுவார். நாங்களும் நம்பிக் கட்டிக்கினு வந்து, அப்பால ஆயுசு முழுக்க நாம குனிஞ்சோம். இப்ப தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல நின்னு பாரு. ஆம்பிளை, பொம்பிளை, கெழவன், குமரி எல்லாருக்கும் குனிஞ்ச தலைதான். இவ்ளோ அடக்கமான ஊரை நான் பார்த்ததே இல்லை.

நான் படிக்காதவன். முடிச்சூர்ல ஏரிப் பாய்ச்சல்ல நெல்லு போட்டவன். கழனி இருந்த இடத்துல இப்ப நாலு மாடி நிக்குது. அதுல மூணாவது மாடியில உன் வயசுத் தம்பி ஒருத்தன் ராத்திரி ரெண்டு மணிக்கு முகத்துல வெளிச்சம் அடிக்க முழிச்சிருக்கான். அந்தக் காலத்துல அந்நேரத்துக்கு எவனாவது முழிச்சிருந்தா, முறைத்தண்ணி கட்டப் போறான்னு அர்த்தம். இவன் எந்தக் கழனிக்குப் பாய்ச்சறான்னுதான் எனக்குப் பிடிபடலை.

உன்னைத் திட்டுவேன்னு பயப்படாதே. உன் மேல தப்பில்லை. கிறிஸ்டியன் காலேஜ்ல படிக்கிற என் பேத்தி ஒரு கதை சொன்னா. முன்னெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் படிச்சு முடிச்சா, அடியில "அடுத்தது"ன்னு ஒரு பொத்தான் இருக்குமாம். அதை அமுக்கப் போற நேரத்துல, அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்துடும். 2006ல அசா ராஸ்கின்னு ஒருத்தர் அந்தப் பொத்தானே இல்லாம, தள்ளத் தள்ள வந்துக்கினே இருக்கற மாதிரி ஒரு வித்தையைச் செஞ்சார். அவரே பின்னாடி அதுக்கு வருத்தப்பட்டுப் பேசினாராம். அவர் வருத்தப்பட்டு இன்னா ஆவறது, உன் பால் பொங்கினது பொங்கினதுதானே?

அந்தப் பக்கம் படிச்ச மூளைங்க ஆயிரக்கணக்குல உக்காந்து உன் கட்டை விரலை எப்படி நிறுத்தாம ஓட்டலாம்னு யோசிக்குது. இந்தப் பக்கம் நீ ஒத்தை ஆள், ஆபீஸ் முடிஞ்சு, ஜிஎஸ்டி ரோட்டு டிராபிக்ல நொந்து போய் வீடு திரும்பறவன். "இனிமே மனசைக் கட்டுப்படுத்தப் போறேன் தாத்தா"ன்னு எங்கிட்ட வந்து சொல்ற. சொல்லிக்கினு இருக்கும்போதே பாக்கெட் அதிருது, கை போவுது. நல்ல கட்டுப்பாடு!

பயிர்ல வாய் வைக்கற மாட்டுக்கு உக்காந்து புத்தி சொன்னவனை நீ பார்த்திருக்கியா? கயித்தைக் குறுக்கிக் கட்டுவான், வேலை முடிஞ்சுது. நான் சொல்லப் போற வைத்தியமும் அவ்ளோதான். மனசைத் திருத்தாதே. பொருளை எட்ட வை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை, நம்ம ஊர்ச் சரக்கு. தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் பேர் இன்னா? சானடோரியம். அதுல ஏறி இறங்கறவங்க எத்தனையோ பேரு, அது இன்னான்னு கேட்டா முழிப்பாங்க. டாக்டர் சௌரி முத்துன்னு ஒருத்தர் 1928ல அங்க காசநோய்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். அந்த நோயைக் கொல்ற மருந்து அப்ப எவன் கையிலயும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943லதான். அதனால நோயாளியைப் பட்டணத்துப் புகையிலருந்தும் சந்தடியிலருந்தும் எட்டக் கொண்டாந்து, நல்ல காத்துல படுக்க வெச்சு, நல்லாச் சோறு போட்டாங்க. எட்ட இருக்கறதே வைத்தியம். 1937ல அதை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதே வருஷந்தான் கிறிஸ்டியன் காலேஜும் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இங்க காட்டுப் பக்கமா வந்துச்சு. ஆக, நோயாளியும் எட்ட வந்தான், படிக்கிறவனும் எட்ட வந்தான். எட்ட இருக்கணும்னே பெரிய பெரிய ஆளுங்க தேடி வந்த ஊர் இது. அந்த ஊர்ல குடியிருந்துக்கினு நீ தலகாணிக்கு அடியில போனை வெச்சுத் தூங்கற!

"சைலண்ட்ல போட்டு, கவுத்து வெச்சுடறேனே தாத்தா"ங்கற. 2017ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க இதைத்தான் சோதிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 800 பேருக்குப் பரீட்சை. போன் எல்லாமே சைலண்ட். சில பேருக்கு அது மேசை மேல கவுந்து கெடந்துது, சில பேருக்குப் பாக்கெட்லயோ பையிலயோ, சில பேருக்கு வேற ரூம்ல. வேற ரூம்ல வெச்சவங்கதான் நல்லா எழுதினாங்க. மேசை மேல வெச்சவங்க, அதைத் தொடவே இல்லேன்னாலும், கொஞ்சம் மந்தம். அப்பால வேற ஆளுங்க செஞ்சு பார்த்தப்போ எல்லாருக்கும் அதே மாதிரி வரலைன்னும் பேத்தி சொன்னா. வரலைன்னா போவுது. வேற ரூம்ல வெக்கறதுக்குக் காசா கேக்கறாங்க?

சரி, எட்ட வெச்சா உனக்குக் கை நடுங்கும். ஏன்னா அதைத் தொடறதுக்கு உங்கிட்ட எப்பவும் ஒரு யோக்கியமான காரணம் இருக்கு. மணி பார்க்க எடுத்தேன். டீக்குக் காசு கொடுக்க எடுத்தேன். அலாரம் வெக்க எடுத்தேன். போனவன் மணி பார்த்தானா? ஸ்டேட்டஸ் பார்த்தான், ரீல்ஸ் பார்த்தான், எவளோ ஒருத்தி நாய்க்குட்டியைக் குளிப்பாட்டறதைப் பார்த்தான், வெச்சுட்டான். மணி இன்னான்னு கேட்டா மறுபடி எடுக்கறான்.

அதனால மொதல்ல மூணு சாமான் வாங்கு. சண்முகம் ரோட்டுக்குப் போனா எல்லாம் கெடைக்கும். கையில கட்ட ஒரு வாட்ச். தலைமாட்டுல வெக்க ஒரு டைம்பீஸ், காலையில கத்தறது. சட்டைப் பையில பத்து, இருபது ரூபாயாச் சில்லறை நோட்டு. டீக்கடையில ஸ்கேன் பண்ணப் போனவன், டீ ஆறினப்புறமும் போனைப் பார்த்துக்கினு நிக்கறான். நோட்டை நீட்டினா மாஸ்டர் முகத்தையாவது பார்ப்பே. இந்த மூணு வேலையும் முன்னாடி மூணு பொருள் பார்த்த வேலை. அது அது வீட்டுக்கு அதை அதை அனுப்பிடு. அப்பால போனை எடுக்க சாக்கு தேடணும். தேடற நேரத்துல புத்தி வந்துடும்.

அடுத்தது, வீட்டுல சார்ஜர் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் செருப்பு விடற இடத்துப் பக்கம். வர்றவன் செருப்பை விடறப்போ அதையும் விடட்டும். கூப்பிடற சத்தம் மட்டும் கேக்கட்டும், மத்த "டிங்", "டொய்ங்" எல்லாத்தையும் நிறுத்திடு. எவனோ எங்கயோ பிரியாணி தள்ளுபடியில விக்கறதுக்கு உன் இடுப்பு ஏன் அதிரணும்?

வீட்டுக்கு வெளியிலன்னா இன்னும் கெட்டியாச் சொல்றேன், இதுல நையாண்டி கெடையாது. காதுல அந்தக் குமிழை மாட்டிக்கினு தண்டவாளம் தாண்டாதே. பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பழவந்தாங்கல்னு இந்த லைன் முழுக்க ஜனங்க குறுக்கால போவறாங்க. வண்டி ஓட்டறவர் ஹாரன் அடிப்பார், பாட்டு கேக்கறவனுக்கு அது கேக்காது. 1989 ரயில்வே சட்டத்துல 147ஆம் பிரிவு, அத்துமீறித் தண்டவாளத்துல போனா 6 மாசம் வரை ஜெயில், இல்லே 1,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூடன்னு சொல்லுது. அதைக் கட்ட நீ இருக்கணுமே? அதே மாதிரி ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவுல போனைச் சொருகிக்கினு ஜிஎஸ்டி ரோட்டுல பறக்கறவனும். 2019ல திருத்தின மோட்டார் சட்டத்துல, கையில போனைப் பிடிச்சுக்கினு ஓட்டறது ஆபத்தா ஓட்டறதுன்னே கணக்கு, மொத தடவையே 1,000லருந்து 5,000 ரூபாய் வரை. தலைக்கு ஹெல்மெட் போட்டவன், தலைக்குள்ள இருக்கறதை மட்டும் வேற எங்கயோ அனுப்பிட்டான்.

ரயில் வண்டி வந்ததும் ஏறி உக்காரு. எங்க நைனா காலத்துல, 1931லயே, பீச்லருந்து தாம்பரத்துக்குக் கரண்டு வண்டி விட்டாங்க. ரெண்டு முனையையும் சேர்த்து இப்ப 18 ஸ்டேஷன். அதுல இன்னா இல்லை? சீட்டாடினான், அரசியல் பேசிச் சண்டை போட்டான், லேடீஸ் பெட்டியில பூ கட்டி முடிச்சாங்க, கீரை ஆஞ்சாங்க, கல்யாணம்கூடப் பேசி முடிச்சாங்க. நீ தாம்பரத்துலருந்து கிண்டி வரைக்கும் மட்டும் போனைப் பையில போட்டு ஜிப்பை இழு. திரிசூலம் வரும்போது ஒரு பக்கம் ஏர்போர்ட்டு, ஒரு பக்கம் மலை. ரெண்டும் இலவசம், டேட்டா போவாது.

"ஊரே பார்க்குது, நான் மட்டும் எப்படி"ங்கறது அடுத்த சாக்கு. மகாராஷ்டிராவுல சாங்லி ஜில்லாவுல மோஹித்யாஞ்சே வட்காவ்னு ஒரு கிராமம், சுமார் 3,000 பேர். 2022 ஆகஸ்ட் 15லருந்து அங்க தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில்லருந்து சங்கு ஊதும். ஊதினா டிவி, போன் எல்லாம் அணையணும், எட்டரை வரைக்கும். பஞ்சாயத்துக்காரங்க வீடு வீடாப் போய்ப் பார்த்தாங்க. இந்த யோசனையைச் சொன்னப்போ ஆம்பிளைங்க சிரிச்சாங்களாம். பொம்பிளைங்கதான், "நாங்க சீரியல் பார்க்கறது ஜாஸ்தியாப் போச்சு, சரி"ன்னு ஒத்துக்கினாங்களாம். தம்பி, இதுல உனக்குச் சொல்ல வேண்டியது அடங்கிப் போச்சு. நம்ம பக்கத்துல? 2022 டிசம்பர்ல திருச்செந்தூர்க் கோயில் சம்பந்தமான வழக்குல மதுரை ஹைகோர்ட்டு பெஞ்ச், தமிழ்நாட்டுக் கோயில்கள்ல செல்போனுக்குத் தடை போடச் சொல்லிச்சு. சாமியைப் பார்க்க வந்தவன் சாமியைப் பார்க்கணும்னா அதுக்கே கோர்ட்டு வேண்டியிருக்கு. உன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு எந்த ஜட்ஜும் வரமாட்டார். சங்கை நீயேதான் ஊதணும்.

எங்க வயசுக்காரங்க யோக்கியம்னு நெனைக்காதே. சிட்லபாக்கத்துல வாக்கிங் போற பெரியவர் ஒருத்தர் காலையில அஞ்சு மணிக்கே ரோஜாப்பூவும் பொன்மொழியுமா இருநூறு பேருக்கு அனுப்பிட்டுத்தான் பல்லு விளக்கறார். "பொறுமையே பெருமை"ன்னு அனுப்பினவர், நீலக்குறி வரலைன்னு எங்கிட்டயே கோவிச்சுக்கினார். அவருக்கும் இதே வைத்தியந்தான், என்ன, அவர் செருப்பு விடற இடத்தையே மறந்துடறார்.

கடைசியா ஒண்ணு கேப்பே, தெரியும். "அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டா?" வாசல்ல இருந்தாலும் மணி அடிக்கும், கேட்டதும் எழுந்து போ, அது காலுக்கு நல்லது. முக்கியம்னா ரெண்டாம் தடவையும் அடிப்பாங்க. நெசமாவே அவசரம், 2015 மழையில முடிச்சூர் முங்கின மாதிரி அவசரம்னா, டவரும் இருக்காது, சார்ஜும் இருக்காது. அப்ப உன் கதவை வந்து தட்டப் போறவன் எதிர் ஃபிளாட்டுக்காரன். ஃபேஸ்புக்ல உனக்கு ஆயிரத்து எட்டு சிநேகிதம்னு சொன்னியே, எதிர் ஃபிளாட்டுக்காரன் பேர் இன்னா, சொல்லு பார்ப்போம்? போனைப் பார்க்காம சொல்லு.