ருசியில்லாததுக்கு ரெட்டை வெல

ஏலே தம்பி, ஓட்காவ ஆறு தடவ வடிச்சிருக்கான்னு பெருமையடிக்கியே, எதுக்குலே ஆறு தடவ? மொத தடவ வடிச்சப்போ தூங்கிட்டானா?

அமெரிக்காக்காரன் ஓட்கான்னா என்னன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருந்தான். தனிக்குணம் கூடாது, வாசம் கூடாது, ருசி கூடாது, நெறம் கூடாது. 2020 வரைக்கும் அதான் விதி. ருசியில்லன்னு சர்க்காரே கையெழுத்துப் போட்டாச்சு. நீ என்னடான்னா நாக்குல உருட்டிப் பாத்துட்டு, "ஸ்மூத்தா இருக்கு தாத்தா"ங்க!

அங்க மொதல்ல இத யாரும் சீண்டல. 1939-ல ஒரு கம்பெனி ஸ்மிர்னாஃப் உரிமைய வாங்கிப் போட்டுட்டு முழிச்சுது. பொறவு இஞ்சி பீரும் எலுமிச்சையும் ஊத்தி, செம்புக் குவளையில குடுத்து, 'மாஸ்கோ மியூல்'னு பேரு வச்சான். குடிச்சாலும் வாய் நாறாதுன்னு ஜாடையா விளம்பரமும் போட்டான். மத்தியானம் ஒரு மடக்கு போட்டுட்டு மேனேஜரு முன்னால நிக்கவனுக்கு வேற என்னலே வேணும்? 1970-கள்ல அங்க ஓட்கா விக்கதுல விஸ்கியவே தாண்டிட்டு.

ஆனா, கெட்டிக்காரன்னா சிட்னி ஃப்ராங்க்தான். சரக்கு வியாபாரி, எழுவது வயசுக்கு மேல, 1997-ல, 'கிரே கூஸ்'னு ஒரு ஓட்காவ கொண்டாந்தாரு. சரக்கு பொறக்கும் முன்னாலயே வெல பொறந்துட்டு! அப்போ ஒசத்தின்னு பேரெடுத்த அப்சலூட்டு வெலைய விட ரொம்பக் கூட. பிரான்சுல வடிச்சு, வாத்து பறக்க பாட்டில்ல அடச்சு, மரப்பெட்டியில அனுப்புனாரு. இவ்வளவு வெலைன்னா உள்ள என்னமோ இருக்குன்னு சனம் நம்பிட்டு. 2004-ல பக்கார்டிக்காரன் 200 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குனான். பெருசுக்கு ஒரு கும்பிடு போடுலே, சந்தைக்குப் போற ஆளுக இப்பிடித்தான் இருக்கணும்.

இப்போ மவுசு டெக்கீலாவுக்கு. சினிமா நடிகர் ஜார்ஜ் க்ளூனி கூட்டாளிகளோட ஆரம்பிச்ச டெக்கீலா கம்பெனிய, 2017-ல 100 கோடி டாலர் வரைக்கும் பேசி வித்துட்டாரு. அதுலயும் 'கிறிஸ்டலினோ'ன்னு ஒண்ணு வந்திருக்கு, கேட்டியா? வடிச்சு எறக்கயில பச்சத்தண்ணி மாதிரி இருக்க சரக்க ஓக்கு மரப் பீப்பாயில மாசக்கணக்கா, சிலத வருசத்துக்கு மேலயும், ஊறப்போடுதான். நெறம் ஏறுது. பொறவு கரியில வடிகட்டி அந்த நெறத்த எடுத்துருதான்! வெள்ள வேட்டிய மஞ்சத்தண்ணியில முக்கி, மறுபடி வெளுத்து, ரெட்டக் கூலி கேட்ட கதைதான். மரத்து ருசி மிச்சம் இருக்கும்பான். இருக்கட்டும்லே. நெறத்த எடுக்கதுக்கா இத்தன நாளு காவ காத்த?

ஜின்னு மட்டும் கொஞ்சம் நேர்ம. ருசியச் சேத்துட்டுத்தான் காசு கேக்கான். 18-ம் நூத்தாண்டுல லண்டன் ஏழைபாழ குடிச்சுச் சீரழிஞ்ச சாராயம் அது; தடுக்க 1736-லயும் 1751-லயும் சட்டம் போட்டான். இன்னைக்கு அதுக்கே சீமான் வேசம். கோவாவுலயும் கிராஃப்ட் ஜின்னுன்னு காச்சுதான். உள்ள என்னன்னு கேளு. ஜூனிப்பரு பழம், ஆரஞ்சுத் தோலு, அப்புறம் பெரும்பாலும் கொத்தமல்லி வெத. ஆமாலே, ரசத்துக்கு இடிக்க அதே மல்லிதான். ஆச்சி காதுல போட்டுறாத, நாளைலேருந்து ரசத்துக்கும் தனி பில்லு நீட்டுவா.