சனிக்கிழமைக்காரர்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவருடைய வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பையில் ஒரு பேனாவும் பழைய பஸ் டிக்கெட்டும்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கை நோட்டுக்கட்டைத் தொட்டுவிட்டு வந்த கை மாதிரியே வெளியே வரும். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

திருப்பூரில் பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டியவர். கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக, சேர்ந்து டெய்லர் ஆனவர். ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் வழியாக பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் வந்து போனவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரோடு வந்துவிட்டார். திண்டுக்கல் போகிற வழியில் ஒரு நூல் மில்லில் மாசச் சம்பளம். இது மில்லுக்குத் தெரியும், பேங்குக்குத் தெரியும், அவர் மனைவிக்கு, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, ரொம்ப நன்றாகவே தெரியும். அவருடைய கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

முதலில் பூ. முழக் கணக்கெல்லாம் கிடையாது, பூக்காரம்மா கூடையில் மிச்சம் இருப்பது எல்லாம். அடுத்தது முட்டை புரோட்டா, வீட்டில் நாலு பேர் என்றால் ஆறு பார்சல், சால்னா தனியாக இன்னொரு கவர். அப்புறம் சின்னவளுக்கு ஒரு பொம்மை. அது திங்கட்கிழமைக்குள் கையோ காலோ இழந்துவிடும். இதெல்லாம் சில்லறைச் செலவு. உண்மையான ஆபத்து அவர் காய்கறி மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பும்போதுதான் ஆரம்பிக்கும்.

நம்ம ஊர் மார்க்கெட்டில் காயின் பெரும்பங்கு கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. அங்கே ஓணம் என்றால் இங்கே விலை ஏறும், அங்கே மழை வெள்ளம் என்றால் இங்கே முருங்கைக்காய் சீந்துவாரில்லாமல் கிடக்கும். அப்படிச் சீந்துவாரில்லாத ஒரு சனிக்கிழமை அவர் பதினாலு கிலோ தக்காளிப் பெட்டியை அப்படியே வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். முழங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு, முகத்தில் ஊரையே விலைக்கு வாங்கிய களை.

"எதுக்குங்க இவ்வளவு?" என்று அக்கா கேட்டார்.

"சும்மா குடுக்குறான் புள்ள. இந்த விலைக்கு இனி கிடைக்குமா?"

ஞாயிறு தக்காளிக் குழம்பு. திங்கள் தக்காளிச் சாதம். செவ்வாய் தொக்கு. புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் தொக்கு வந்தது, எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம், பக்கத்துச் சந்துக்கு ஒரு கிண்ணம். வியாழக்கிழமை பெட்டிக்கு அடியில் இருந்தவை கசிந்து வாசல் வரை ஓடின. எண்ணெய், மிளகாய்த்தூள், கேஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த 'சும்மா குடுத்த' தக்காளி கிலோ என்ன விலை விழுந்தது என்று அக்கா என்னிடம் சொன்னார். மனிதருடைய மானத்தை உத்தேசித்து இங்கே எழுதவில்லை.

இத்தனைக்கும் மனிதர் கணக்குத் தெரியாதவர் இல்லை. கணக்கு தெரியும், அது வாரக் கணக்கு, அவ்வளவுதான். திருப்பூரில் வாரம் 4,500 கைக்கு வந்தது. மில்லில் மாசம் 18,000 என்றார்கள். நாலு வாரம் ஒரு மாசம், நாலு நாலரை பதினெட்டு, சரிதானே என்று தலையாட்டிவிட்டு வந்தார். வருஷத்துக்கு 52 வாரம் என்பது பின்னால்தான் உறைத்தது. அங்கே 2,34,000, இங்கே 2,16,000. முழுசாக ஒரு மாசச் சம்பளம் காணவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயரும். தீபாவளி போனஸ் என்பதே வெள்ளைக்காரன் இப்படி அமுக்கின பதின்மூன்றாவது மாசச் சம்பளம்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை எனக்கு மூன்று முறை அனுப்பிவிட்டார். 1965 போனஸ் சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று இருந்தது, அது பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது உண்மைதான். மீதிக் கதைக்கு நான் ஜாமீன் இல்லை.

சம்பளம் 7-ஆம் தேதி வரும். ஆனால் யார் கேட்டாலும் "ஒண்ணாந்தேதி தர்றேன்" என்பார். அது தேதி இல்லை, ஒரு மரியாதைச் சொல். ஒரு நாள் நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மாசச் சம்பளத்தை அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வாரச் சம்பளத்தை மட்டும்தான் வார லீவுக்கு முந்தின வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றேன். மனிதர் நெகிழ்ந்துவிட்டார். "பாத்தியா தம்பி, சட்டமே சனிக்கிழமையைத்தான் சொல்லுது!"

அவருக்குப் பிடித்த மாசம் பிப்ரவரி. இந்த 2026 பிப்ரவரியைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். ஒண்ணாந்தேதி ஞாயிறு, இருபத்தெட்டு சனி. காலண்டரில் நாலு வரிசை, ஒரு கட்டம்கூடப் பிதுங்கவில்லை. போதாததற்குச் சம்பளம் வந்த 7-ஆம் தேதியும் சனிக்கிழமை, அடுத்த சம்பளம் வந்த மார்ச் 7-ஆம் தேதியும் சனிக்கிழமை. "இதுதான் தம்பி மாசம். மத்ததெல்லாம் சும்மா இழுத்து வச்சது" என்றார். மாசக் காலண்டரில் அந்தத் தாளைக் கிழித்துப் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறார். இப்போதும் இருக்கிறது.

மற்ற மாசங்களில் நாலாவது சனிக்கிழமையோடு அவருக்கு மாசம் முடிந்துவிடும். அதற்கும் 7-ஆம் தேதிக்கும் நடுவில் கிடக்கிற நாட்களுக்கு அப்பா அம்மா கிடையாது. கேஸ் சிலிண்டர் தீர்வது அப்போதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது அப்போதுதான். அவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும் அப்போதுதான்.

புரட்டாசி மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமையைப் பெருமாள் எடுத்துக்கொள்வதால் முட்டை புரோட்டாவுக்கு வழியில்லை. வருஷத்தில் நாலு புரட்டாசி வந்தால் அடகு நகையைத் திருப்பிவிடுவேன் என்று அக்கா சொல்வார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை திருப்பூரில் அவரோடு சனிக்கிழமை ராத்திரி சுற்றியிருக்கிறேன். மெஸ்காரருக்கு வாரக் கணக்கு, டீக்கடைக்கு வாரக் கணக்கு, சீட்டுக்காரருக்கு வாரக் கணக்கு. சம்பளம் வருகிற அதே ராத்திரிதான் கடனும் வந்து நிற்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் இருப்பது நிஜமாகவே நம்முடையது. அதை ஞாயிற்றுக்கிழமை செலவழித்தால் திங்கட்கிழமை மறுபடி மிஷினில் உட்கார வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் அப்படி வாழ்ந்த மனிதரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால், வாடகை 5-ஆம் தேதி என்கிறது, பள்ளிக்கூட வேன் 10 என்கிறது, கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒரு முறை, மறந்தே போன சமயம் பார்த்து வருகிறது. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. சம்பளம் வந்த அன்று 18,000-த்தையும் ஒரே தொகையாக போனில் பார்ப்பவருக்கு நாலு வாரச் சம்பளத்தை ஒரே சனிக்கிழமை கொடுத்த மாதிரிதான் இருக்கும். பாவம்தான்.

பாவம் என்று எழுதிவிட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வீட்டைப் பார்த்தால் அந்த வார்த்தை வாயில் வராது. அக்கா எடுத்திருக்கிற குழுக் கடனுக்குத் தவணை இன்னும் வாரத்துக்கு வாரம்தான். தெருவில் பத்துப் பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. அடுப்பில் சோறு கிடக்கும், பிள்ளைக்கு ஸ்கூலுக்கு நேரமாகும், எல்லார் கண்ணும் அந்த ஒருத்தி மேல் இருக்கும். இரண்டு முறை அந்த ஒருத்தி அக்காதான். ஒரு முறை கம்மலை அடகு வைத்து வந்து கட்டினார். 15-ஆம் தேதி வாக்கில் வந்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தையும் அங்கேதான் கொண்டு போய்க் கொட்டினார். அந்த நேரத்தில் இவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சனிக்கிழமைப் பூ காய்ந்து தொங்குகிற சாமி படத்துக்குக் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்மல் போன பிறகு அக்கா ஒரு வேலை செய்தார். 7-ஆம் தேதி ஏடிஎம் கார்டை வாங்கிக்கொண்டு போய் மொத்தத்தையும் எடுத்தார். வாடகையையும் வேன் காசையும் அன்றைக்கே கட்டினார். கரண்டுக்கு அந்த மாசப் பங்காக ஒரு தொகையைத் தனியே வைத்தார். செவ்வாய்க்கிழமைகளை எண்ணினார், சனிக்கிழமைகளையும் எண்ணினார், அடுத்த 7-ஆம் தேதி வரைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு மொய்க் கவரில் அறுநூறு ரூபாய் போட்டு அவர் கையில் கொடுக்கிறார்.

மனிதர் கவரை இரண்டு கையாலும் வாங்குகிறார். திரும்பி நின்று எண்ணுகிறார். கவரில் ஒட்டியிருக்கிற ஒரு ரூபாய்க் காசைப் பார்த்து முதல் வாரம், "ஒரு ரூவா சேத்து வந்துருக்கு" என்று சொன்னாராம். சட்டைப் பைக்குப் போகிற கைக்கு இப்போது வேலை இருக்கிறது. புரோட்டா நாலு பார்சல்தான். தக்காளி இரண்டு கிலோவைத் தாண்டுவதில்லை. கரண்ட் பில் கெடுவுக்கு முன்னாலேயே கட்டியாகிவிட்டது. போன மாசம் கம்மலும் திரும்பியது.

ஒரே ஒரு குறை. புதன்கிழமை அட்வான்ஸ் கேட்டுப் பார்த்திருக்கிறார். "நம்ம கம்பெனியில அட்வான்ஸ் கிடையாதுங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். திருப்பூர் முதலாளிகூட அப்படிச் சொன்னதில்லையாம். ஆகவே புதன்கிழமைகளில் செருப்பு என் வாசலில் கழல்கிறது. முன்பு மாசக் கடைசியில் மட்டும் வந்தவர் இப்போது வாரா வாரம் வருகிறார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

மற்றபடி இது பொதுவாக ஒரு வகை மனிதரைப் பற்றிய கட்டுரை, தனிப்பட்ட யாரையும் குறிப்பதல்ல. ஆனால் பீரோக் கதவில் பிப்ரவரித் தாள் ஒட்டியிருக்கிற யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்: அண்ணே, மொத்தம் ஆயிரத்து நானூறு ஆகிறது. ஒண்ணாந்தேதி வேண்டாம். வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமி வெளியே போகக்கூடாது என்பீர்கள், சனிக்கிழமை நடப்பது நமக்குத் தெரியும். வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.